எதையும் தொடாமல் நிற்கும் நிரல்

1. கெப்பாலா பத்தாஸிலிருந்து வந்த போன்

பரமேஸ்வரி போன் செய்தபோது நான் அலுவலக மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தேன். ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவை ஒட்டிய சந்தில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம். ஆய்வுக்கூடங்களில் இருக்கும் சோதனைக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. பரமேஸ்வரி கெப்பாலா பத்தாஸில் ஒரு தனியார் தண்ணீர் ஆய்வுக்கூடத்தின் கெமிஸ்ட். எங்கள் வாடிக்கையாளர்களில் குரலை உயர்த்தாமல் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். அதனாலேயே அவர் போன் வந்தால் நான் உடனே எடுத்துவிடுவேன்.

"ஸ்டெல்லா அக்கா, நீங்க அனுப்புன புது ரிப்போர்ட் பேக்கேஜ நேத்து போட்டேன். இப்ப நம்பர் சரியா வரல. எந்தத் தண்ணிய வச்சாலும் சுத்தம்னு காட்டுது."

"எந்தத் தண்ணிய வச்சாலும்னா?"

"கன்ட்ரோல் சாம்பிள வச்சாலும்தான்."

நான் படியிலேயே நின்றுவிட்டேன். கன்ட்ரோல் சாம்பிள் என்பது, இவ்வளவு ஈயம் இருக்கிறது என்று தெரிந்தே கலந்து வைத்திருக்கும் தண்ணீர். தினமும் காலையில் வேலையைத் தொடங்கும் முன் முதலில் அதைத்தான் கருவியில் வைப்பார்கள். அதில் ஈயம் இல்லை என்று திரை சொன்னால், அதற்குப் பிறகு அது சொல்லும் எதையும் நம்ப முடியாது.

"என்ன செஞ்சீங்கன்னு மொதல்ல இருந்து சொல்லுங்க பரமேஸ்."

"பாசாங் ஓட்டுனேன். செவப்பா என்னென்னமோ ஓடுச்சு, ஸ்கிரீன் ஸ்கிரீனா. ஒன்னும் புரியல. கடைசி வரி மட்டும் புரிஞ்சிச்சு. தொடரணும்னா ஃபோர்ஸ் போடுன்னு இருந்துச்சு. போட்டேன். முடிஞ்சதுன்னு வந்துச்சு. நான் தப்பு பண்ணிட்டேனா அக்கா?"

"இல்ல. அது சொன்னதத்தானே செஞ்சீங்க."

பாசாங் என்பது எங்கள் இன்ஸ்டால் நிரலின் பெயர். மலாயில் பொருத்துவது என்று பொருள். ஜன்னலும் பட்டனும் இல்லாத கமாண்ட் லைன் நிரல். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் அந்தந்தக் கருவிக்கு வேண்டிய பேக்கேஜ்களைக் கணினியில் போட்டுத் தரும். அதை எழுதியவர் நான் சேரும் முன்பே சிங்கப்பூருக்குப் போய்விட்டார். தோற்றுப்போனாலும் 'முடிந்தது' என்று சொல்லும் பழக்கம் அதற்கு உண்டு. அதனால் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர்கள் கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்து அதைப் பாசாங்கு என்போம். சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்போம். அன்று காலை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இப்ப உங்க கையில என்ன சாம்பிள் இருக்கு?" என்று கேட்டேன்.

"சுங்கை பாக்காப் பக்கம் வெள்ளம் வந்துச்சு இல்ல, அங்க கெணத்துத் தண்ணி. அப்புறம் ஒரு ஆரம்பப் பள்ளியோட கொழா தண்ணி. ரிசல்ட் வர்ற வரைக்கும் புள்ளைங்களுக்கு லாரி தண்ணிதான் குடுக்குறாங்க. தலைமையாசிரியர் காலையிலயே கூப்பிட்டு ரிசல்ட் எப்பன்னு கேட்டுட்டாரு அக்கா."

"யாருக்கும் எதையும் அனுப்பாதீங்க. நான் வர்றேன்."

2. இரண்டு பேக்கேஜ், ஒரு லைப்ரரி

அந்த ஆய்வுக்கூடத்துக் கணினிக்கு இணையம் கிடையாது. விதிப்படி அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஆகவே இங்கிருந்து எதையும் சரிசெய்ய முடியாது. பழைய பேக்கேஜ்களைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, காரில் தீவிலிருந்து கடற்பாலத்தைக் கடந்து போனேன். வழியெல்லாம் ஒரே யோசனை. கன்ட்ரோல் சாம்பிள் வைக்கும் வழக்கம் இல்லாத இடம் எதுவும் எங்கள் வாடிக்கையாளர் பட்டியலில் இருக்கிறதா என்று ஒவ்வொரு பெயராக நினைத்துப் பார்த்தேன். இருக்காது என்றுதான் தோன்றியது. ஆனாலும் பட்டர்வொர்த் தாண்டும்வரை மனம் கேட்கவில்லை.

போய்ப் பார்த்ததும் பத்து நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் இளையவர்களுக்காகச் சற்று விளக்கிச் சொல்கிறேன்.

அந்தக் கணினியில் எங்களுடைய பேக்கேஜ் இரண்டு உண்டு. ஒன்று டிரைவர், கருவியிலிருந்து அளவை வாங்கித் தரும். இன்னொன்று ரிப்போர்ட், அந்த அளவை அச்சுத்தாளாக மாற்றும். இரண்டுமே, அளவுகளைக் கையாள்வதற்கு யூனிட் லைப்ரரி என்ற ஒரே பொது நிரல் தொகுப்பை நம்பியிருக்கின்றன. டிரைவருக்கு அந்த லைப்ரரியின் இரண்டாம் பதிப்பு வேண்டும். புதிய ரிப்போர்ட்டுக்கோ மூன்றாம் பதிப்பு வேண்டும். எங்கள் அப்போதைய அமைப்பில் ஒரு கணினியில் ஒரு பதிப்புதான் இருக்க முடியும். இதைத்தான் டிபென்டன்சி மோதல் என்கிறோம்.

இரண்டாம் பதிப்பு அளவை மில்லிகிராமில் வைத்துக்கொள்ளும். மூன்றாம் பதிப்பு மைக்ரோகிராமில். பரமேஸ்வரி ஃபோர்ஸ் போட்டதும், அதாவது மோதினாலும் பரவாயில்லை போடு என்று சொன்னதும், பாசாங் இரண்டாம் பதிப்பை அழித்துவிட்டு மூன்றாவதைப் போட்டுவிட்டது. டிரைவருக்கு அது தெரியாது. அது வழக்கம்போல் மில்லிகிராம் எண்ணை எடுத்து நீட்டியது. எதிர்ப்பக்கம் அதை மைக்ரோகிராம் என்று வாங்கிக்கொண்டது. இருக்கும் ஈயத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அச்சில் வந்தது. நிரல் எங்கும் முறியவில்லை. எல்லாம் பச்சையாகவே இருந்தது.

பழைய லைப்ரரியையும் பழைய ரிப்போர்ட்டையும் கையாலேயே திரும்பப் போட்டேன். பரமேஸ்வரி கன்ட்ரோல் சாம்பிளை வைத்தார். எண் சரியாக வந்தது. அவர் இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். பிறகுதான் பள்ளியின் சாம்பிள்களை எடுத்தார்.

நான் திரும்பியிருக்கலாம். ஆனால் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டேன். கிணறுகள் எல்லாம் சரியாக இருந்தன. பள்ளி வகுப்பறைக் குழாய்களும் சரி. சிற்றுண்டிச்சாலைக் குழாயில் மட்டும் அனுமதித்த அளவைத் தாண்டி ஈயம் இருந்தது.

"இது வெள்ளத்தால வந்ததில்ல," என்றார் பரமேஸ்வரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பழைய கொழாவா இருக்கும். எத்தன நாளா இருக்கோ."

தலைமையாசிரியரை அவரே கூப்பிட்டார். "சார், எல்லாம் ஓகே. கேன்டீன் கொழா மட்டும் பூட்டிருங்க. ஆமா, சமைக்கிறதுக்கும் வேணாம். ரிப்போர்ட் இன்னிக்கே அனுப்புறேன்." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலமே இதையும் ஓட்டிரலாமான்னு நெனச்சேன் அக்கா. காலையில பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

நேற்றே ஓட்டியிருந்தால் அந்தக் குழாயும் சுத்தம் என்றுதான் அச்சாகியிருக்கும். பிறகு அவர் தேநீர் போட எழுந்தார்.

3. சேவியர் சாரின் அறை

எங்கள் முதலாளி சேவியர் சார் நல்ல மனிதர். வாடிக்கையாளர் வருத்தப்பட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அதனால்தான் அவர் மறுநாள் அப்படிச் சொன்னார் என்று இப்போதும் நினைக்கிறேன்.

"ஸ்டெல்லா, கஸ்டமருக்கு எர்ரரே காட்டாதீங்க. காட்டுனா பயந்து போயி எதையாவது அமுக்கிடுறாங்க. ரெண்டு வெர்ஷன் அடிச்சிக்குதுன்னா பாசாங்கே நல்லதா ஒன்ன எடுத்துப் போட்டுட்டு சத்தமில்லாமப் போகட்டும் லா."

"எது நல்லதுன்னு அதுக்கு எப்படி சார் தெரியும்?"

"புதுசு எதுவோ அது."

"அங்க அதைத்தான் சார் போட்டுச்சு."

அறையில் குணாவும் இருந்தார். குணசேகரன் டிரைவர் குழுவின் தலைவர். நாற்பது வயது, தன் டிரைவரைப் பற்றி யாராவது பேசினாலே முகம் இறுகிவிடும்.

"நான் ரெண்டாம் பதிப்ப விட்டு நகர முடியாது சார்," என்றார் அவர். "கஸ்டமர் கிட்ட இருக்கிற பழைய மெஷின் எல்லாம் அதுலதான் டெஸ்ட் பண்ணி சர்டிஃபை வாங்கியிருக்கு. நூருலத்தான் இறங்கி வரச் சொல்லணும்."

நூருல் ரிப்போர்ட் குழுவின் தலைவி. அவர் இறங்கி வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். அரசாங்கம் கேட்கும் புதிய படிவத்தில் அளவு மைக்ரோகிராமில்தான் இருக்க வேண்டும். அதற்கு மூன்றாம் பதிப்பில்லாமல் முடியாது. முந்தைய நாள் நான் ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பியதுமே என்னிடம் மலாயில் பொறுமையாக விளக்கியிருந்தார். குணா சொன்னதும் நியாயம், நூருல் சொன்னதும் நியாயம். இருவரின் மேசைக்கும் நடுவில் ஒரு தடுப்புப் பலகைதான். ஆனால் இதைப் பற்றி இருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆளுக்கொரு பேக்கேஜில் ஆளுக்கொரு பதிப்பு எண்ணை எழுதிவைத்துவிட்டு, மீதியைப் பாசாங் பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தார்கள்.

"ரெண்டு லைப்ரரியையும் பக்கத்துல பக்கத்துல போட்டுட்டா? ஆளுக்கொன்னு?" என்று கேட்டார் சேவியர் சார்.

கெட்ட யோசனை இல்லை. பல இடங்களில் அதுதான் சரியான வழியும்கூட. ஆனால் எங்கள் டிரைவர் ரிப்போர்ட்டுக்குக் கொடுப்பது வெறும் எண். அலகு அதில் ஒட்டியிருக்காது. லைப்ரரியைப் பிரித்து வைத்தாலும் அந்த எண் அதே குழப்பத்தோடுதான் போய்ச் சேரும். இதைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சரி, நீங்க என்னதான் செய்யச் சொல்றீங்க?"

"மோதுச்சுன்னா நிக்கணும் சார். எதையும் தொடாம நிக்கணும். எதுக்கும் எதுக்கும் ஒத்து வரலன்னு மனுசங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லணும். என்ன வழி இருக்குன்னும் சொல்லணும்."

"நின்னா போன் வரும்."

"வரட்டும் சார்."

அவர் குணாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு மாசம் பாப்போம். போன் தாங்கலன்னா நான் சொன்ன மாதிரி மாத்திடணும். அப்புறம் கச்சாவ் பண்ணக்கூடாது."

தொந்தரவு செய்யக்கூடாது என்று அர்த்தம். ஒப்புக்கொண்டேன்.

4. மாற்றி எழுதியது

பழைய பாசாங் ஒவ்வொரு பேக்கேஜாகப் போட்டுக்கொண்டே போகும். நடுவில் மோதல் வந்தால் பாதி புதிது, பாதி பழையது என்று கணினி அந்தரத்தில் நிற்கும். ஆகவே நான் முதலில் மாற்றியது வரிசையை. புதிய பாசாங் எதையும் போடும் முன் முழுத் திட்டத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கும். எல்லாருக்கும் ஒத்துவரும் பதிப்புகள் இருந்தால்தான் முதல் ஃபைலைத் தொடும். இல்லையென்றால் கணினி இருந்தது இருந்தபடி இருக்கும். தோற்றால் தோற்றதற்கான எக்சிட் கோட் என்ற முடிவு எண்ணையும் கொடுக்கும். பழையது எப்போதும் பூஜ்யம்தான் கொடுக்கும், அதாவது வெற்றி. அதை நம்பி அடுத்தடுத்த ஸ்கிரிப்ட்கள் ஓடிக்கொண்டிருந்தன.

இவ்வளவும் முடித்து, அதே இரண்டு பேக்கேஜை வைத்துச் சோதித்துப் பார்த்தபோது புதிய பாசாங் மோதலே இல்லை என்றது. எனக்கு மகிழ்ச்சி. குணா என் தோளுக்குப் பின்னால் நின்று திட்டத்தைப் படித்தார்.

"அக்கா, இது என் டிரைவரத் தூக்கிட்டு ஆதிகாலத்து டிரைவரப் போடப் பாக்குது."

உண்மைதான். மிகப் பழைய டிரைவர் ஒன்றில் எந்த லைப்ரரி வேண்டும் என்ற குறிப்பே எழுதப்படவில்லை. குறிப்பு இல்லையென்றால் எதோடும் ஒத்துப்போகும் என்றுதானே கணக்கு வரும்? அந்த டிரைவருக்கு இன்றைய கருவிகளை அடையாளமே தெரியாது. கணக்குக்கு விடை கிடைத்துவிட்டது, ஆய்வுக்கூடம் நின்றுபோயிருக்கும்.

அதனால் ஒரு விதியைச் சேர்த்தேன். வாடிக்கையாளர் ஏற்கெனவே வைத்திருக்கும் எதையும் கேட்காமல் பின்னுக்கு இறக்கக்கூடாது, எடுக்கவும் கூடாது. விடை இருந்தாலும் சரி.

ஃபோர்ஸை நான் முற்றிலும் எடுத்துவிடவில்லை. குணாவைப் போன்றவர்களுக்குச் சோதனைக்கு அது வேண்டும். ஆனால் பிழைச் செய்தியில் அதைப் பரிந்துரைப்பதை நிறுத்தினேன். குழம்பி நிற்கும் ஒருவரிடம் கடைசி வரியில் எதைச் சொல்கிறோமோ, அதைத்தான் அவர் செய்வார்.

பிறகு அந்தச் செய்தி. நிரலைவிட அதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. முதல் வரைவைப் பரமேஸ்வரிக்குப் போனில் படித்துக் காட்டினேன். டிரைவர் இதைக் கேட்கிறது, ரிப்போர்ட் அதைக் கேட்கிறது, இரண்டும் ஒன்றுசேராது என்று சுருக்கமாகத்தான் எழுதியிருந்தேன்.

"நல்லாருக்கு," என்றார். அவர் நல்லாருக்கு என்றால் இல்லை என்று அர்த்தம்.

"என்ன குறை, சொல்லுங்க."

"இதப் படிச்சதும் எனக்கு வர்ற மொத கேள்வி வேற அக்கா. என் மெஷின் இப்ப எப்படி இருக்கு? நேத்து மாதிரியே இருக்கா, ஒடஞ்சிருச்சா? அது தெரியாம மத்தது எதுவும் மண்டையில ஏறாது."

நான் பேனாவை எடுத்தேன். "அப்புறம்?"

"அப்புறம், இன்னிக்கு நான் வேல பாக்கலாமா. அதுக்கப்புறம்தான் யாரு கூட யாரு சண்டைங்கிறது."

செய்தியைத் தலைகீழாக மாற்றினேன். முதல் வரி: உங்கள் கணினியில் எதுவும் மாற்றப்படவில்லை. இரண்டாவது: இப்போது இருப்பதைக் கொண்டு வேலையைத் தொடரலாம். அதன் பிறகு காரணம், இரண்டு பேக்கேஜின் பெயர், அவை கேட்கும் பதிப்பு. கடைசியில் வழிகள்: ஒன்று, இப்படியே இருக்கலாம். இரண்டு, இந்த டிரைவரோடு ஒத்துப்போகும் முந்தைய ரிப்போர்ட்டின் திருத்தப் பதிப்பைப் போடலாம். புதிய படிவம் மட்டும் அதில் இருக்காது. எண்ணைத் தட்டினால் போதும். சிவப்பில் ஓடிய வரிகளை எல்லாம் ஒரு ஃபைலில் எழுதிவிட்டு, அது எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லவைத்தேன். மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதினோம். மலாய்ச் செய்தியை நூருல் திருத்திக் கொடுத்தார்.

மறுபடி படித்துக் காட்டினேன். இம்முறை பரமேஸ்வரி, "ம், இது போதும்," என்றார்.

5. ஒரு மாதம்

போன் குறையவில்லை. முதல் இரண்டு வாரத்தில் கூடியது. இத்தனை நாள் ஃபோர்ஸ் போட்டுக் கடந்துபோனவர்கள் எல்லாம் இப்போது நின்றார்கள். அவர்கள் ஒவ்வொருவருடைய கன்ட்ரோல் சாம்பிளையும் சரிபார்க்கச் சொல்லி நானே கூப்பிட்டேன். நல்லவேளையாக யாரும் தவறான ரிப்போர்ட்டை வெளியே அனுப்பியிருக்கவில்லை.

சேவியர் சார் என் மேசைக்கு வந்தார். "நான் சொன்னேன்ல. போன் கூடிருச்சு. ரொம்ப சூசா லா இது."

சிரமம் என்பதற்கு அவர் எப்போதும் அந்த மலாய்ச் சொல்லைத்தான் சொல்வார். "சார், இன்னிக்கு வர்ற போன நீங்களே எடுத்துப் பாருங்க," என்றேன். எனக்குக் கோபம் இல்லை. அவர் கேட்டால் புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கைதான்.

எடுத்தார். கண்ணாடிக் கதவு வழியாக அவர் தலையாட்டுவதும் எழுதிக்கொள்வதும் தெரிந்தது. மதியச் சாப்பாட்டுக்கு யாரோ அவருக்கு நாசி கண்டார் சோறு தாப்பாவ், அதாவது பொட்டலமாக, வாங்கி வந்து வைத்தார்கள். அந்தப் பொட்டலம் பிரிக்கப்படாமலே இருந்தது. பிறகு வெளியே வந்தார்.

"ஒருத்தரும் ஒடஞ்சிருச்சுன்னு சொல்லல, ஸ்டெல்லா."

"என்ன சார் கேட்டாங்க?"

"ரெண்டாவது வழிய எடுத்துட்டேன், வேல ஓடுது, புது படிவம் எப்ப கிடைக்கும்னு கேக்குறாங்க. எல்லாரும் இதே கேள்விதான். ஒங்க ரெண்டு டீமும் எப்ப ஒத்துப் போகப்போறீங்கன்னு ஒருத்தர் நேராவே கேட்டுட்டாரு." அவருக்குச் சற்று வெட்கமாக இருந்தது என்று நினைக்கிறேன். "அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அது எனக்கும் தெரியாது சார். அந்த ரெண்டு பேரும்தான் சொல்லணும்."

பாசாங்கை மாற்றுவது பற்றி அவர் அதன் பிறகு பேசவில்லை. ஆனால் அன்று பிற்பகல் ஒன்று செய்யச் சொன்னார். வாடிக்கையாளர் கணினியில் ஓடும் அதே கணக்கை, எங்கள் அலுவலகத்திலும் தினமும் காலையில் எங்கள் பேக்கேஜ்கள் மீது ஓட்டிப் பார்க்க வேண்டும். மோதல் இருந்தால், செய்தி குணாவுக்கும் நூருலுக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும். எனக்கே தோன்றியிருக்க வேண்டிய யோசனை. அன்றே எழுதிவிட்டேன்.

மறுநாள் காலை இருவர் திரையிலும் அதே செய்தி வந்தது. உங்கள் கணினியில் எதுவும் மாற்றப்படவில்லை என்று தொடங்கி, இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யாருக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் செய்தி. அதில் யார் மேலும் குற்றம் இல்லை. குணா அதை இரண்டு முறை படித்தார். எழுந்தார், தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தடுப்புப் பலகையைச் சுற்றிப்போய் நூருலின் மேசைப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

டிரைவர் இனி எண்ணோடு அலகையும் சேர்த்தே அனுப்பும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். பழைய கருவிகளுக்கான சர்டிஃபிகேட்டைத் தொடாமல், அலகு சேர்க்கும் ஒரு சிறு அடுக்கு மட்டும் மேலே வந்தது. அப்படிச் செய்தபின் இரண்டு லைப்ரரியும் ஒரே கணினியில் தனித்தனியாக இருப்பதில் ஆபத்தில்லை. சேவியர் சார் தொடக்கத்தில் சொன்ன யோசனையே கடைசியில் உதவியது. அதை அவரிடம் சொன்னபோது நன்றாகவே சிரித்தார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். பதிப்புகள் மோதுவதை நிரலின் பிழையாகப் பார்க்காதீர்கள். எங்கோ இரண்டு பேர், இருவரும் நியாயமாகவே, வேறு வேறு முடிவு எடுத்திருக்கிறார்கள். இன்னும் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அவர்களுக்குப் பதிலாக நிரல் முடிவெடுத்தால், விளைவு அந்த இருவரில் யாருக்கும் போய்ச் சேராது. மூன்றாவதாக ஒருவரின் குழாயில் போய்ச் சேரும். ஆகவே எதையும் தொடும் முன் கணக்குப் போடுங்கள். ஒத்துவரவில்லையென்றால் நில்லுங்கள். எதிரே இருப்பவர் முதலில் எதைத் தெரிந்துகொள்ள விரும்புவாரோ, அதை முதல் வரியில் சொல்லுங்கள்.